வக்காலத்து யாருக்கு? – சி. சுப்பிரமணியம் வாழ்க்கையை வளவிலிருந்து வாசித்தல்

"விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்." சி. சுப்பிரமணியத்தைப் பற்றி எந்த நினைவு மலரைப் புரட்டினாலும், எந்தப் போட்டித் தேர்வுப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் வரி ஏறக்குறைய இதுதான். 1910 ஜனவரி 30, பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையம், விவசாயக் குடும்பம். அப்புறம் சென்னையில் சட்டப் படிப்பு, கோவையில் வக்கீல் தொழில், 1942ல் சிறை, அரசியல் நிர்ணய சபை, மாநில மந்திரி, மத்திய மந்திரி, கவர்னர், 1998ல் பாரத ரத்னா, 2000 நவம்பரில் மரணம். தொண்ணூறு வருட வாழ்க்கையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, 'பசுமைப் புரட்சியின் சிற்பி' என்று முத்திரை குத்தி முடித்துவிடுவார்கள். சொன்னதில் எதுவும் பொய் இல்லை. எனக்குச் சிக்கல் அந்த முதல் வரியிலேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் மடத்துக்குளம் பக்கம் 'விவசாயி' என்றால் நிலம் வைத்திருப்பவர். நாற்று நடுகிறவள், கரும்பு வெட்டுகிறவன், தொண்டுப்பட்டியில் சாணி வாருகிறவள் யாரும் விவசாயி இல்லை. அவர்கள் 'ஆளு'. "இன்னிக்கு தோட்டத்துக்கு எத்தன ஆளு?" என்றுதான் கேட்பார்கள். நிலத்தோடு முதுகெலும்பு தேய்ந்தவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. வரப்பில் குடை பிடித்து நின்றவருக்கு உண்டு. எனவே 'விவசாயக் குடும்பம்' என்ற சொல் தொழிலைச் சொல்வது போலப் பாவனை காட்டிக்கொண்டு சாதியையும் சொத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சொல்லாமலே சொல்லிவிடுகிறது என்பதுதான் அதன் சாமர்த்தியம்.

சி.எஸ். பிறந்த காலத்தில் கொங்கு நாட்டுத் தோட்டக்காலில் தண்ணீர் என்றால் கிணறு. கிணறு என்றால் கவலை. ரெண்டு மாடு பூட்டி, சரிவில் முன்னும் பின்னும் ஓட்டி, சால் நிறைய நீர் மொண்டு ஊற்ற வேண்டும். சாலுக்கு அடியில் தோலில் தைத்த நீண்ட வால் இருக்கும். அந்தத் தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்து, கிழிந்தபோதெல்லாம் ஓடிப்போய் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் மாதாரிகள். செத்த மாட்டைத் தூக்கியதற்காகத் தீண்டத்தகாதவன் என்றார்கள். அந்த மாட்டுத் தோல் வழியாக வந்த தண்ணீரில் விளைந்ததைத் தீட்டில்லாமல் தின்றார்கள். எங்கள் அப்பாரு சொல்வார்: "சாலு கிழிஞ்சா நடுச்சாமத்துலயும் வந்து கூப்புடுவாங்க. தச்சுக் குடுத்துட்டு ஒரு வாய் தண்ணி குடிக்கோணும்னா, பண்ணாடி ஊத்தறவரைக்கும் கையேந்தி நிக்கோணும்." கூலி என்பது களத்தில் கொடுக்கிற தானியம். பண்ணாடி மகன் பத்து வயசுப் பொடியன், அவன் அப்பாருவை "டேய்" என்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். அப்பாரு அவனைச் "சின்னப் பண்ணாடி, சொல்லுங்க சாமீ" என்பார்.

இது சி.எஸ். குடும்பத்துக் கதை என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. 'விவசாயக் குடும்பம்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு அடியில் அன்றைய கோவை மாவட்டம் முழுக்க என்ன இருந்தது என்றுதான் சொல்கிறேன். சொந்த வாழ்வை 'விதியின் கரம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் தலைப்பிட்டுத் தொகுதி தொகுதியாக எழுதினார் அவர். கவலை ஓட்டியவன் கரத்துக்கு அப்படியொரு புத்தகம் இல்லை.

இனி வக்கீல் சங்கதி. வக்கீல் என்பவர் அடுத்தவருக்காகப் பேசுகிறவர். கட்சிக்காரன் கையெழுத்துப் போட்ட வக்காலத்து இல்லாமல் அவர் கோர்ட்டில் வாய் திறக்க முடியாது. அரசியலுக்குப் போன வக்கீலிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம்: உன்னிடம் வக்காலத்து கொடுத்தது யார்? அக்காலக் காங்கிரஸ் வக்கீல்களால் நிரம்பி வழிந்த கட்சி. மாவட்டக் கோர்ட்டுக்கு வந்த வழக்குகளில் நிலத்தகராறு, பாகப்பிரிவினை, கடன், வரப்பு, வாய்க்கால் முறை எல்லாம் சொத்துள்ளவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் நடந்தவை. வளவில் இருந்து கோர்ட்டுக்குப் போனவன் பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டுக்குத்தான் போனான், இல்லாவிட்டால் பண்ணாடிக்குச் சாட்சி சொல்லப் போனான். 1936 வாக்கில் கோவையில் தொழில் தொடங்கிய ஒரு இளம் வக்கீலுக்குச் சமூகம் என்று கண்ணில் பட்டது இந்தக் கட்சிக்காரர்கள்தான். தனிமனிதக் குறை என்று இதைச் சொல்லவில்லை; தொழில் கற்றுக்கொடுத்த பார்வை.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். 1952ல் ராஜாஜி மந்திரிசபையில் நிதி இவரிடம் இருந்தது. அந்த மந்திரிசபைதான் 1953ல் குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. தினம் மூன்று மணிநேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். அய்யர் மகன் அப்பனிடம் என்ன கற்பான், சக்கிலியன் மகன் என்ன கற்பான் என்று பெரியார் ஊர் ஊராகக் கேட்டார். எங்கள் வளவில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1954ல் ராஜாஜி விலக, காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் ராஜாஜி ஆதரவோடு நின்ற சி.எஸ். 41 ஓட்டு வாங்கினார். காமராசர் 93. தோற்றவரையே காமராசர் தன் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். கல்வியையும் அவரிடமே கொடுத்தார். திட்டத்தை நடத்திய மந்திரிசபையில் இருந்தவரே அதைக் கைவிடும் மந்திரியானார். அவர் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில்தான் 1956 முதல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. எங்கள் தலைமுறைக்கு முந்தினவர்கள் அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போனார்கள். அதை மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல.

இரண்டு மந்திரிசபையிலும் ஒரே மனிதர், ரெண்டு நேர் எதிரான கல்விக் கொள்கை. இதை வாழ்க்கை வரலாற்றுக்காரர்கள் 'நிர்வாகத் திறமை' என்கிறார்கள். வக்கீல் புத்தி என்று எனக்குப் படுகிறது. எந்தக் கட்சிக்காரனின் கட்டைக் கையில் எடுத்தாலும் அதைச் சுத்தமாக வாதாடுவது தொழில் தர்மம்தான். வாழ்நாள் முழுக்க மாறாமல் அவர் வைத்திருந்த கட்டு ஒன்று உண்டு, அது நிலக்காரனுடையது. அதே காமராசர் மந்திரிசபையில் தலித்தான பி. பரமேஸ்வரனும் இருந்தார். அவருக்கு வந்த இலாகாக்களில் அறநிலையமும் இருந்தது. தலித் ஒருவரைக் கோவில் வாசலில் பூரண கும்பத்தோடு வரவேற்க வைத்தது பெரிய அடிதான், சந்தேகமில்லை. கூடவே 'அரிஜன நலமும்' அவரிடம். பணப்பெட்டிச் சாவி மட்டும் சி.எஸ். கையில். அரிஜன நலம் என்பது தனி அறை, பட்ஜெட் என்பது வேறு அறை என்ற இந்த ஏற்பாடு இன்றைக்கும் செக்ரடேரியட்டில் மாறவில்லை.

அந்தப் பணப்பெட்டியிலிருந்து தண்ணீர் வந்தது. எங்கள் தலைமாட்டில் அமராவதி அணை 1957ல் எழுந்தது. 90 அடி உயரம் தண்ணீர் நிற்கும். கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், காரத்தொழுவு, கடத்தூர் என்று பழைய ராஜ வாய்க்கால்கள். அதற்கப்பால் புதிதாக வெட்டிய பிரதானக் கால்வாய். பழைய ஆயக்கட்டும் புதுசும் சேர்த்து 54 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம். மேற்கே பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம், சி.எஸ். பெயரோடு சேர்த்தே சொல்லப்படுவது. மலையைக் குடைந்து, மேற்கே ஓடின தண்ணீரைத் திருப்பி, திருமூர்த்தி வழியாக உடுமலை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் என்று மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்குக் கொண்டுபோனார்கள். பொறியியல் சாதனை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

தண்ணீர் ஏக்கர் கணக்கில் வந்தது. தலைக் கணக்கில் வரவில்லை. ஒரு ஏக்கர் இருந்தவனுக்கு ஒரு ஏக்கர் தண்ணீர், ஐம்பது இருந்தவனுக்கு ஐம்பது, ஒன்றும் இல்லாதவனுக்கு ஒன்றுமில்லை. புன்செய்க் காடாகக் கிடந்தவரை அந்த நிலத்துக்கு விலை இல்லை. வாய்க்கால் வந்த அன்றைக்கு விலை ஏறியது. அரசாங்கம், அதாவது பீடிக்கும் தீப்பெட்டிக்கும் வரி கொடுத்த நாமும் சேர்ந்து, கொடுத்த காசில் ஏறிய விலை அது. 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். பழத்தோட்டத்துக்கு விலக்கு, தோட்டப்பயிருக்கு விலக்கு, அறக்கட்டளைக்கு விலக்கு. சட்டத்தைத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பது விலக்குகளைப் படித்தால் விளங்கும். வாய்க்கால் முதலில் வந்தது, உச்சவரம்பு பிறகு வந்தது, அதற்குள் பத்திரங்கள் பேரன் பேத்தி பெயருக்கு மாறி முடிந்திருந்தன. 1970ல் அதை 15 ஏக்கராகக் குறைத்தபோதும் கதை பெரிதாக மாறவில்லை.

எங்கள் ஊர் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலையும் இந்தக் காலத்து வரவுதான். தமிழ்நாட்டின் முதல் கூட்டுறவு சர்க்கரை ஆலை என்று பெருமை. கூட்டுறவு என்ற சொல் எவ்வளவு இனிப்பு! கரும்பு போட்டவன் அங்கத்தினர். கரும்பு வெட்டியவன் அங்கத்தினன் ஆக முடியாது, ஏனென்றால் அவனிடம் கரும்பு இல்லை, அரிவாள்தான் இருந்தது. கைகால் சோகை கீறி ரத்தம் காய்ந்து வீட்டுக்கு வருகிற எங்கள் பெண்களுக்கு அந்தக் கூட்டில் இடம் இல்லை.

பிறகு டெல்லி. 1962ல் பொள்ளாச்சியிலிருந்து எம்.பி., 1964ல் உணவு, விவசாய மந்திரி. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை நம்பி நாடு கையேந்தி நின்ற நேரம். 1965ல் உணவுக் கழகம், விவசாய விலைக் கமிஷன். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18 ஆயிரம் டன் கோதுமை விதை. டெல்லி பங்களாப் புல்வெளியை உழுது கோதுமை விதைத்துக் காட்டினார். பஞ்சம் வந்தால் முதலில் சாகிறவன் தலித். எனவே களஞ்சியம் நிறைந்ததை நாம் இகழ முடியாது. ரேசன் அரிசி தின்று வளர்ந்த வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் புரட்சியின் கொள்கை என்ன? தண்ணீர், உரம், கடன் மூன்றும் எங்கே ஏற்கனவே உண்டோ அங்கே கொண்டுபோய்க் கொட்டு, விளைச்சல் பெருகும். நிலத்தைப் பகிராமல் விளைச்சலை மட்டும் பெருக்கு. தமிழ்நாட்டில் இதற்கு முன்னோட்டமாக 1960லேயே தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. எட்டு வருடம் கழித்து அதே கீழத்தஞ்சையில், வெண்மணியில், கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். 1968 டிசம்பர் 25. சி.எஸ். அப்போது மந்திரி இல்லை, 1967லேயே கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றுவிட்டார். அவரைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. விளைச்சல் பெருகினால் எல்லார் வயிறும் தானாக நிறையும் என்று சொன்ன வாதத்துக்கு வெண்மணி சாட்சியம். விளைந்த நெல்லில் அரைப்படியைக் கேட்டபோது என்ன நடந்தது என்று பார்த்தோம். 1969ல் மத்திய உள்துறையே கிராமப்புறப் பதற்றம் பற்றி அறிக்கை எழுதி, புது விவசாயத்தையும் ஏற்றத்தாழ்வையும் முடிச்சுப்போட்டது. 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நேரில் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டது அந்தத் தீர்ப்பு. வக்கீல் கல்விக்கும் நிலத்துக்கும் உள்ள உறவை இதைவிடப் பச்சையாக வேறு யாரும் எழுதிவிட முடியாது.

1965 இந்தி எதிர்ப்பின்போது ஓ.வி. அழகேசனோடு சேர்ந்து ராஜினாமாக் கடிதம் கொடுத்ததை எல்லா மலர்களும் எழுதுகின்றன. பிப்ரவரி 11ல் கடிதம்; மறுநாள் அவர் தொகுதியான பொள்ளாச்சியிலேயே துப்பாக்கிச் சூடு, பிணங்கள். சில நாளில் கடிதம் வாபஸ். இதற்கு மேல் இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அவசரநிலைக் காலம்தான் எனக்கு முக்கியம். 1975 முதல் 1977 வரை சி.எஸ். நிதி மந்திரி. அந்த அரசாங்கம் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாகவும், 1976ல் முழுச் சட்டமாகவும் கொத்தடிமை முறையை ஒழித்தது. காகிதத்தில், இந்தியாவில் தலித்துக்காக எழுதப்பட்ட மிகக் கூர்மையான சட்டங்களில் ஒன்று. கொத்தடிமைக் கடன் அந்த நிமிடமே செல்லாது என்றது. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் பண்ணயம். சித்திரையில் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருத்தன் பண்ணயத்துக்குச் சேர்ந்தால் அடுத்த சித்திரைவரை வேறு தோட்டம் போகக் கூடாது. கணக்கு தீராவிட்டால் அதற்கடுத்த சித்திரை. அப்பன் இருந்தான், மகன் இருந்தான். சட்டம் வந்த சேதி வளவுக்கு வந்ததா என்று நான் கேட்ட கிழவர்கள் யாருக்கும் நினைவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப் வந்தது மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. "கடன் தள்ளுபடின்னு ஒரு சொல்லு யாராச்சும் சொல்லியிருந்தா நான் அன்னிக்கே கெளம்பியிருப்பேன் சாமி" என்றார் ஒருவர், என்னையும் சாமி என்று கூப்பிட்டு. நாக்கு பழகிவிட்டது.

சட்டம் எழுதுகிறவர்களின் மேசையிலிருந்து வளவு வரைக்கும் ஒரு வக்கீல் வேண்டியிருந்தது. சி.எஸ். போன்றவர்கள் அந்தத் தூரத்தை நடக்கவில்லை. நடந்தவர்கள் உண்டு. சி.எஸ். படித்த அதே சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர் என். சிவராஜ். அவரும் வக்கீல், அவரும் அரசியல்வாதி. 1945ல் சென்னை மேயர், அம்பேத்கரின் பட்டியல் சாதிக் கூட்டமைப்புக்குத் தலைவர், 1957ல் செங்கல்பட்டிலிருந்து எம்.பி., குடியரசுக் கட்சிக்கு முதல் தலைவர், 1964ல் மரணம். பாரத ரத்னா கிடையாது, அது போகட்டும். நம் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிகிறது? அவர் வாழ்க்கையை முழுமையாக எழுதி நாம் கையில் கொடுத்திருக்கிறோமா? சி.எஸ்.ஸின் மலர்களைக் குறை சொல்லும் நாம் நம் வக்கீலுக்கு மலர் போடாததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பண்ணயத்தை யார் ஒழித்தது என்றால், எங்கள் பகுதியில் பாதிப் பங்கு பனியன் கம்பெனிக்குத்தான். இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் உண்மை. தோட்டத்தில் சேர்ந்த காசு திருப்பூரில் கம்பெனியாக மாறியது. தோட்டத்து ஆளு கம்பெனி வேன் ஏறினான். வேனுக்குள் யாரும் யாரையும் "டேய்" என்று கூப்பிடவில்லை. "ஆளு கெடைக்கறதில்லீங்க" என்று இன்றைக்குப் பண்ணாடிகள் புலம்புவது எங்கள் காதுக்கு நாதஸ்வரம். அதே நேரம், முன்பணம் செத்துவிடவும் இல்லை. விசைத்தறிக் கொட்டகைக்கு இடம் மாறியது. நூல் மில்லில் சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயர் வைத்துக்கொண்டு, மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகத் தருவேன் என்று எங்கள் வயசுப் பெண்களை விடுதிக்குள் பூட்டியது. 1976ம் வருடச் சட்டம் அப்படியே இருக்கிறது, திருத்த வேண்டிய அவசியம் கூட இல்லை. தலித்துக்கு உண்மையிலேயே கொஞ்சம் பல் முளைத்த 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத்தான் திருத்தச் சொல்லி இதே கொங்கு மண்ணில் சாதிக் கட்சிகள் மாநாடு போட்டன.

சி.எஸ். பேசிய வளம், அதாவது தண்ணீர் வந்து, கரும்பு வந்து, ஆலை வந்து, மில் வந்து எல்லாம் செழித்த பிறகு, மடத்துக்குளம் தாலுகாவில் குமரலிங்கத்திலிருந்து ஒரு பையன் இன்ஜினியரிங் படிக்கப் போனான். கூலிக்காரர் மகன். 2016 மார்ச் 13ல் உடுமலைப் பேருந்து நிலையம் அருகே, காதலித்துக் கட்டின மனைவியின் கண்ணெதிரே சங்கர் வெட்டப்பட்டான். ஊரே பார்த்தது, கேமராவும் பார்த்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தகப்பன் உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் தகப்பனை விடுதலை செ்து, மற்ற ஐவருக்கும் ஆயுளாகக் குறைத்தது. தூக்கு வேண்டும் என்பது என் கட்சி அல்ல. ஆனால் கௌசல்யா என்ற அந்தப் பெண், வேறு சாதியில் பிறந்தவள், தன் சொந்த வீட்டாருக்கு எதிராகக் கூண்டேறிச் சாட்சி சொன்னாளே, அதுதான் எங்கள் தாலுகா கண்ட பெரிய வக்காலத்து. அவள் சட்டம் படித்தவள் இல்லை.

இப்போது வளவுப் பிள்ளைகள் கோவைச் சட்டக் கல்லூரிக்குப் போகிறார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டுப் படம் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். சிலர் நாளைக்கு அரசியலுக்கும் வருவார்கள், வரட்டும். அவர்களிடம் ஒரு வேலை கொடுக்க விரும்புகிறேன். அமராவதிப் பிரதானக் கால்வாய் வெட்டப் போன கிழவிகள் ஒன்றிரண்டு பேர் கடத்தூர், காரத்தொழுவுப் பக்கம் இன்னும் மிச்சம் இருக்கலாம். கூடையில் மண் சுமந்த கூலி எவ்வளவு, சோறு யார் கொண்டுவந்தது, மண் சரிந்து செத்தவர் உண்டா, முதல் தண்ணீர் வந்த அன்றைக்கு எங்கே நிறுத்தி வைத்தார்கள் – இதையெல்லாம் கேட்டு எழுதுங்கள். பேச்சு எப்படி வருகிறதோ அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். கிழவிகளுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது.